குறை சொல்லும் நண்பர்கள் பற்றி

வணக்கம். நீங்கள் ரசித்துப் பார்த்த விண்வெளித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் அதன் பிழைகளை அடுக்குகிறார்கள் என்றும், அவர்களுக்கு அறிவியல் புனைவு உண்மையிலேயே பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிடிக்கும் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

தான் படைக்கும் உலகம் சில விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்று இந்தப் புனைவு வகை வாசகருக்கு வாக்களிப்பதால், அந்த விதிகளைச் சோதித்துப் பார்ப்பதும் ரசனையின் பகுதியாகிவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன் 1970இல் வெளியிட்ட 'ரிங்வேர்ல்ட்' நாவலில், ஒரு விண்மீனைச் சுற்றிக் கட்டப்பட்ட மாபெரும் வளையம் வருகிறது. அது மையத்திலிருந்து சற்றே நகர்ந்தாலும், ஈர்ப்புவிசை அதை மேலும் நகர்த்தி இறுதியில் விண்மீனிலேயே மோதச் செய்துவிடும். 1971இல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டில், அந்த வளையம் நிலையற்றது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள் முழக்கமிட்டார்கள், நிவனும் அதன் தொடர்ச்சியாக எழுதிய நாவலில் வளையத்தை நிலைநிறுத்தும் உந்துபொறிகளைச் சேர்த்தார். கணக்குப் போட்டுப் பார்க்கும் அளவுக்கு ஒரு நூலில் தோய்ந்தவர்களை வெறுப்பாளர்கள் என்று எப்படிச் சொல்வது?

ஆனால், இளம் வயதில் தம்மை மயக்கிய படைப்பையே அளவுகோலாக வைத்துக்கொண்டு, புதிதாக வரும் எதையும் ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அது விமர்சனமே அன்று. அதற்காக நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. அடுத்த முறை பேச்சு தொடங்கும்போது, அவர்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை முதலில் சொல்லச் சொல்லுங்கள். தொடரில் தோய்ந்தவர் உடனே சொல்லிவிடுவார். அவரோடு பிழைகளைப் பற்றியும் தாராளமாக வாதாடலாம்.