கூட்டணி மாறுவதால் வாக்காளருக்கு என்ன பாதிப்பு? நீலகிரியிலிருந்து ஒரு பதில்

தேர்தலுக்கு முன் கட்சிகள் அணி மாறுவதும் மக்களவை பாதியில் கலைவதும் தலைவர்களின் விவகாரம்தானே, சாதாரண வாக்காளரை அது உண்மையிலேயே தொடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடுகிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் கோத்தகிரிப் பக்கம். அப்பா, தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வழிசெய்த 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி, 1974-இல் இலங்கையிலிருந்து வந்தவர். இங்கே எங்களைச் 'சிலோன்காரர்கள்' என்பார்கள். தாத்தா நுவரெலியாவில் தோட்டத் தொழிலாளி. 1947-இல் அங்கே நடந்த தேர்தலில் வாக்களித்தவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து தோட்டத் தமிழர்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீங்கின. ஓட்டு இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு, இருபத்தெட்டாவது வயதில், 1977-இல்தான் முதல் ஓட்டு கிடைத்தது. இரட்டை இலைக்குப் போட்டார். எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையில் பிறந்தவர் என்பது எங்கள் மக்களுக்குச் சாதாரணச் செய்தி இல்லை. அன்று தொடங்கி அ.தி.மு.க.காரர், பிறகு கிளைச் செயலாளர்.

1998 பிப்ரவரித் தேர்தலில் அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே அணி. நீலகிரி பா.ஜ.க.வுக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர் மாஸ்டர் மாதன். எங்கள் ஊரில் தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையின் நீளச் சுவரில் அப்பா ஆள் வைத்து இரட்டை இலையும் தாமரையும் பக்கம் பக்கமாக வரைய வைத்தார். மலையில் பிப்ரவரிப் பனிக்குச் சுண்ணாம்பு லேசில் காயாது. பகலில் வெயில் படும் இரண்டு மணி நேரத்துக்காகக் காத்திருந்து, மூன்று நாளில் முடித்தார்கள். அந்த மாதம் 14-ஆம் தேதி கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தத் துயரமும் அச்சமும் சேர்ந்ததுதான் அந்தத் தேர்தல். வெறும் கூட்டணிக் கணக்கு என்று அதைச் சொல்ல மாட்டேன். தமிழகத்தின் 39 இடங்களில் 30 அந்த அணிக்கு. மாதன் வென்றார். வாஜ்பாய் பிரதமரானார்.

பதின்மூன்று மாதங்கள்தான். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. 1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை, மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்கள் வீட்டில் டி.வி. இல்லை, அடுத்த வீட்டில் உண்டு. அந்த வீட்டுப் பெரியப்பா தி.மு.க.காரர். எங்களுக்கு உறவு இல்லை, ஆனாலும் எனக்குப் பெரியப்பாதான். எதிர்வரிசையில் இருந்த அவர் கட்சி அன்று வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக வாக்களிக்க, அந்த அரசை அமைக்க உதவிய அப்பாவின் கட்சி எதிர்த்து வாக்களித்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அறையில் யாரும் பேசவில்லை. பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார், அப்பா எடுக்கவே இல்லை. எங்கள் அணியின் உறுப்பினர் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி டில்லிக்கு அனுப்பிய மாதனுக்கு எதிராகத் தன் கட்சியே நின்றதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு தனி உறுப்பினர் கட்சி தாவினால் பதவி போய்விடும், 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு கட்சி முழுவதுமாக, தேர்தலில் எந்த அணியின் பெயரால் ஓட்டு வாங்கியதோ அந்த அணியை விட்டுப் போனால் தடுக்க எதுவும் இல்லை. இருக்க வேண்டுமா என்றால், சட்டம் போட்டுத் தடுப்பது நல்லதல்ல என்பதுதான் என் கருத்து. ஓர் அரசை வீழ்த்தும் உரிமை மக்களவைக்கு வேண்டும். ஆனால் எதற்காக விலகுகிறோம் என்பதை ஓட்டுப் போட்டவனிடம் வந்து சொல்லும் கடமை கட்சிக்கு உண்டு. எங்கள் மலைக்கு அப்படி யாரும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பச்சைத் தேயிலை விலை சரிந்துகொண்டிருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, நீலகிரித் தேயிலையைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த சந்தை தள்ளாடியது. போதாததற்கு, 1998 டிசம்பரில் இலங்கையுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை இலங்கைத் தேயிலை சலுகைச் சுங்கவரியில் வரலாம் என்றது அது. அது ஒன்றுதான் விலை வீழக் காரணம் என்று சொன்னால் பொய். ஆனால் எங்களிடம் இருந்த ஒரு ஏக்கரில் பறிப்புக் கூலி போக மிச்சமில்லாத நாளில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பாவின் தந்தை கிள்ளிய அதே மலைகளின் கொழுந்து! யாரிடம் போய்க் கேட்பது? ஏப்ரல் 26-இல் மக்களவை கலைந்துவிட்டது. டில்லியில் காபந்து அரசு. மே மாதம் கார்கில் போர். தேயிலை விவசாயியின் மனுவை வாங்க ஒரு மக்களவை உறுப்பினர்கூட இல்லாமல் ஏறக்குறைய ஆறு மாதம் ஓடியது. கூட்டணி மாற்றம் வாக்காளரை எங்கே தொடுகிறது என்று கேட்டீர்களே, இங்கேதான்.

ஆகஸ்டில் மறுபடியும் சுவருக்கு வேலை வந்தது. இப்போது தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஓரணி, அ.தி.மு.க.வும் காங்கிரசும் மறு அணி. ஒரு மாலை பெரியப்பா வந்து வாசலிலேயே நின்றார்.

"தம்பி, அந்தத் தாமரையை அழித்துவிடாதே. இனி அது எங்களுக்கு வேண்டும். இரட்டை இலையை மட்டும் நீயே உன் கையால் எடுத்துவிடு. நான் அழித்தால் நன்றாக இருக்காது."

அப்பா சரி என்றார். மறுநாள் காலை தானே வாளியும் மட்டையுமாகப் போய் இரட்டை இலையின் மேல் சுண்ணாம்பு அடித்தார். பள்ளிக்குப் போகிற வழியில் பார்த்தேன். முதல் பூச்சில் பச்சை மறையவில்லை. இரண்டாவதும் அடித்தார். அந்த இடத்தில் பெரியப்பா உதயசூரியன் வரைந்தார். எதிர்ச் சுவரில் அப்பா காங்கிரசின் கைச் சின்னத்தை வரைந்தார். பதினெட்டு மாதத்துக்கு முன் வாக்குக் கேட்ட அதே வீடுகளுக்குத் திரும்பவும் போனார். ஓர் ஆத்தா கேட்டாராம், "போன தடவை நீ சொல்லித்தானே மாதனுக்குப் போட்டேன், அந்த ஆள் என்ன தப்புச் செய்தார்?" மாவட்டக் கூட்டத்தில் அப்பா அதே கேள்வியை எழுந்து கேட்டார். மேடையில் இருந்தவர்கள் அடுத்த பேச்சாளரை அழைத்தார்கள்.

மாதன் மறுபடி வென்றார், இந்த முறை உதயசூரியன் துணையோடு. காங்கிரசின் ஆர்.பிரபு தோற்றார். 2004-இல் அ.தி.மு.க. பா.ஜ.க.வோடும், தி.மு.க. காங்கிரசோடும் சேர்ந்தன. தமிழகத்தின் 39 இடங்களும் தி.மு.க. அணிக்கு. மாதன் தோற்றார், பிரபு வென்றார். மூன்று தேர்தலிலும் மாதன் மாறவில்லை, அவர் சின்னமும் மாறவில்லை. அந்த ஆண்டு அப்பா கிளைச் செயலாளர் பொறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டார். கட்சியை விடவில்லை.

2009 முதல் நீலகிரி தனித்தொகுதி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் உதகை, குன்னூர், கூடலூர் மட்டும் மலையில். மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. அங்கே விசைத்தறியும் வாழையும் பேசப்படும், கொழுந்து விலை பேசப்படாது.

2023 செப்டம்பரில் அ.தி.மு.க. பா.ஜ.க.விடமிருந்து மறுபடி பிரிந்தது. 2024-இல் தி.மு.க.வின் ஆ.ராசா 2,40,585 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பா.ஜ.க.வின் எல்.முருகன் இரண்டாவது, அ.தி.மு.க. மூன்றாவது. முடிவு வந்த இரவு நான் ஒரு தாளில் இரண்டாம், மூன்றாம் இடத்து வாக்குகளைக் கூட்டி, "சேர்ந்து நின்றிருந்தாலும் ராசாவை எட்டியிருக்க மாட்டார்கள்" என்று அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தைந்து வயது அவருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"இப்படிக் கூட்டக் கூடாதம்மா," என்றார். "1999-இல் என் ஓட்டை நீ எந்தப் பக்கம் கூட்டியிருப்பாய்?"

அந்த ஆண்டு எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்று இன்றுவரை அவர் எங்களிடம் சொல்லவில்லை.