பத்து சதவீதம் என்றால் எந்தப் பத்து?

மதிப்பிற்குரிய ஐயா,

உறைவிந்து பற்றிய உங்கள் கட்டுரையில் ‘கிளிசரால் பனி உருவாகாமல் தடுத்து உயிரணுவின் சவ்வைக் காக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவன். வீட்டில் ஆறு மாடுகள். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானைப் பத்து சதவீதம் சேர்த்து ஸ்டெம் செல்களை உறையவைப்பதாகப் பாடத்தில் படித்தேன். அதே பத்து சதவீதத்தில் அது கொழுப்புச் சவ்வில் துளை போடுகிறது என்கிறது கணினி உருவகிப்பு ஆய்வு ஒன்று. காப்பதும் துளைப்பதும் ஒரே பொருள்தானா? இன்னொன்று: எங்கள் ஊருக்குச் சினை ஊசி போட வருபவர் உறைவிந்து அடைத்த குச்சிகளை வெளியே தூக்கி எண்ணிவிட்டுத் திரும்பவும் நைட்ரஜன் கேனுக்குள் விடுகிறார். கிளிசரால் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்கிறார். சரிதானா?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

முதலில் என் வரி. அது தவறு, சுருக்கமாகச் சொல்லும் ஆசையில் எழுதியது. கிளிசரால் கலந்தாலும் பனி உருவாகத்தான் செய்கிறது. எவ்வளவு உருவாகிறது என்பதில்தான் வித்தியாசம்.

உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெயில் நீரை எடுத்துக்கொண்டு போகப் போக மிச்ச நீர் கரித்துக்கொண்டே வரும். உறையும்போதும் அதுதான் நடக்கிறது; நீரை எடுப்பது வெயிலுக்குப் பதில் பனி. உயிரணுவைச் சுற்றியுள்ள உப்புநீர் மைனஸ் 10 டிகிரிக்கு வரும்போது நூறு பங்கு நீரில் ஐந்தாறு பங்கே திரவமாக எஞ்சும், உப்பின் செறிவு ஏறத்தாழ 18 மடங்காகும். உயிரணு தன் நீரை வெளியே இழந்து சுருங்கும். எதிரெதிர்ச் சவ்வுகள் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கும். இப்போது ஒரு கிலோ நீருக்கு ஒரு மோல், அதாவது 92 கிராம் கிளிசரால் கலந்து, அதே மைனஸ் 10க்குக் கொண்டுபோங்கள். கால் பங்கு நீர் திரவமாகவே நிற்கும். உப்பு நான்கைந்து மடங்கோடு நின்றுவிடும். காகிதத்தில் போட்ட எளிய கணக்குதான், ஆனால் விஷயம் அதில் இருக்கிறது. 1953இல் ஜேம்ஸ் லவ்லாக் சிவப்பணுக்களை வைத்து இதைத்தான் விளக்கினார். பூமியே ஓர் உயிர்போல் தன்னைச் சீராக வைத்துக்கொள்கிறது என்னும் ‘கையா’ கருதுகோளால் பின்னாளில் புகழ்பெற்ற அதே லவ்லாக்.

அவர் வேலை பார்த்த லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில்தான் கிளிசராலின் குணமும் தெரியவந்தது, அதுவும் தற்செயலாக. போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பழைய புட்டி ஒன்றிலிருந்த கரைசல் பலித்தது. சோதித்தால் அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் புரதமும் இருந்தன. புட்டிகளின் பெயர்ச்சீட்டு மாறிப்போயிருந்தது. 1949இல் அதை வெளியிட்டார்கள். டிஎம்எஸ்ஓ பத்து ஆண்டு கழித்து, லவ்லாக்கும் பிஷப்பும் எழுதிய கட்டுரை வழியாக வந்தது.

இனி உங்கள் துளை. நீங்கள் படித்த இரண்டும் சரி. ஆனால் இரண்டு பத்தும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் சொல்லும் பத்து சதவீதம் கன அளவில்: நூறு மில்லி கரைசலில் பத்து மில்லி. உருவகிப்பில் சொல்லும் பத்து, மூலக்கூறுகளின் எண்ணிக்கையில். டிஎம்எஸ்ஓ மூலக்கூறின் எடை 78, நீருடையது 18. கன அளவில் பத்து சதவீதத்தை எண்ணிக்கைக்கு மாற்றினால் மூன்றுகூட வராது, ஏறத்தாழ 2.7. குர்டோவென்கோவும் அன்வரும் 2007இல் செய்த உருவகிப்பில் இந்த அளவுக்குச் சவ்வு விரிந்து மெலிகிறது, தளர்கிறது, அவ்வளவே. எண்ணிக்கையில் பத்தைத் தொட்ட பிறகே நீர் புகும் துளைகள். இருபத்தைந்துக்கு மேல் சவ்வே குலைகிறது. உங்கள் மேல் குற்றமில்லை. ‘சதவீதம்’ என்று வெறுமனே எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

கணக்கு தீர்ந்தாலும் உங்கள் கேள்வி தீரவில்லை. ஆம், காப்பதும் துளைப்பதும் ஒரே பொருள்தான், ஒரே குணத்தால்தான். டிஎம்எஸ்ஓ நீரோடும் உறவாடும், கொழுப்பு மூலக்கூறில் நீரைப் பார்த்திருக்கும் முனையான தலைக்குக் கீழே நுழைந்து உட்காரவும் செய்யும். அப்படி நுழைவதால்தான் சவ்வைக் கடந்து உயிரணுவுக்குள் போய் அங்கேயும் உப்பை நீர்க்கச் செய்கிறது. கூட்டம் அதிகமானால் தலைகள் விலகி நடுவில் இடைவெளி விழுகிறது. உருவகிப்பில் இருந்தது ஒரே வகைக் கொழுப்பு. உயிருள்ள சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிறது, அது ஓரளவு தாங்கிப் பிடிக்கும். பனியே இல்லாமல் கண்ணாடிபோல் இறுகவைக்கும் முறையில் இந்தக் கரைப்பான்களை மிக அதிகமாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் படிப்படியாக, பெரும்பாலும் குளிர்ச்சியில் வைத்துச் சேர்க்கிறார்கள்.

‘குளிரிலும் இறுகாமல் சவ்வை இளக்கி வைக்கிறது’ என்றும் பலர் எழுதுகிறார்கள். அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். டிபிபிசி என்ற கொழுப்பின் சவ்வு 41 டிகிரிக்குக் கீழே இறுகும். டிஎம்எஸ்ஓ கூடக் கூட அந்த வெப்பநிலை ஏறுகிறது, இறங்குவதில்லை.

இறுகுவது என்றதும் மார்கழித் தேங்காயெண்ணெய் நினைவுக்கு வருகிறது. அது கட்டிப்படும், பக்கத்து நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகாது. சவ்விலும் இரண்டு சாதிக் கொழுப்பும் உண்டு. குளிரக் குளிர ஒன்று முந்திக்கொண்டு இறுகித் தனியே திரளும், சேருமிடத்தில் கசியும். காளையின் விந்தணுவுக்கு இது பனிக்கு வெகு முன்பே, 5 டிகிரிக்கு இறங்குவதற்குள் நடந்துவிடுகிறது. இந்தக் குளிர் அதிர்ச்சிக்கு மருந்து முட்டையின் மஞ்சள் கரு. அதிலுள்ள கொழுப்புப் புரதங்கள் சவ்வைக் காக்கின்றன. 1939இலேயே பிலிப்ஸ் இதைக் கண்டுவிட்டார். உங்கள் மாட்டுக்குப் போடும் குச்சியிலும் கிளிசராலோடு மஞ்சள் கரு இருக்க வாய்ப்புண்டு.

ஊசி போடுபவர் சொல்வது தவறு. குச்சியின் கொள்ளளவு கால் மில்லி. மைனஸ் 196இலிருந்து வெளியே தூக்கினால் சில வினாடிகளிலேயே சூடேறத் தொடங்கிவிடும். முழுதும் உருகாவிட்டாலும் சின்னப் பனித்துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். திரும்ப உள்ளே விட்டால் அவை சிறியதாக மாறப்போவதில்லை. கிளிசரால் அந்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தாது. எண்ண வேண்டுமென்றால் கேனின் கழுத்துக்குக் கீழேயே, டார்ச் அடித்து எண்ணச் சொல்லுங்கள். போடப்போகும் குச்சியை மட்டும் எடுத்து நேரே 37 டிகிரி வெந்நீரில் முப்பது வினாடி வைக்கச் சொல்லுங்கள். கட்டுரையின் வரியை இன்று திருத்திவிட்டேன்.