எலும்பு கூடிய பின் பந்தயம்

கேள்வி: மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில் விழுந்து காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்லும் எலும்பு) முறிந்ததால் ஐந்து மாதங்களாக ஓட்டவில்லை. எலும்பு கூடிவிட்டது என்கிறார் மருத்துவர். மறுபடி போட்டியிட எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூச்சு வாங்குவதைக் கண்டு மனம் தளராதீர்கள். பயிற்சி நின்ற இரண்டு மூன்று வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்மப் பகுதி குறைந்து இதயத் துடிப்பு ஏறிவிடும் என்றாலும், ஓட்டத் தொடங்கியதும் விரைவில் மீள்வதும் அதுவே. முறிந்த எலும்போ, கூடிய பிறகும் பல மாதங்கள் தன்னைச் சீரமைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, முதலில் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் சமதளத்தில் ஓட்டி, தோளுக்கான வலுப்பயிற்சியையும் சேர்த்து, கைகளை ஊன்றி உடலைத் தாங்கும்போது வலி இல்லை என்ற நிலை வந்த பின்னரே, மருத்துவரின் ஒப்புதலுடன், கரடுமுரடான இறக்கங்களுக்குச் செல்லுங்கள். விழுந்தபோது அடிபட்ட தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். முதல் பந்தயத்தில், தொடக்க நெரிசலைத் தவிர்க்கப் பின்வரிசையிலிருந்து புறப்படுங்கள்.