நடக்கும் டாங்கி மாடல் ஒன்றைச் செய்து, போர்க்களத்தில் அடிபட்டதுபோல் பெயிண்ட் அடிப்பது எப்படி?

1/35 அளவு, ஜெர்மன் வாக்கர் (காலால் நடக்கும் கற்பனை டாங்கி), இரண்டாம் உலகப்போர் முடியாமல் 1947 வரை இழுத்துக்கொண்டு போகும் கதை என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சாதாரண டாங்கி என்றால் பழைய புகைப்படங்கள் இருக்கும். எங்கே சேறு, எங்கே துரு என்று பார்த்துச் செய்துவிடலாம். இல்லாத வண்டிக்கு ஏது புகைப்படம்? அதனால் பெயிண்டைத் திறக்கும் முன்பே இது எப்படி நடக்கும், எடை எந்தக் காலில் இறங்கும், ஆட்கள் எந்தப் பக்கமாக ஏறுவார்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அழுக்கு எங்கே சேரும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

முதலில் நிற்கும் தோரணை. மாடல் கிட்டின் குறிப்பில் சொன்னபடி ஒட்டினால் பெரும்பாலும் இரண்டு காலும் விறைப்பாக, அட்டென்ஷனில் நிற்கும். ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, உடலை எடை தாங்கும் காலின் பக்கம் லேசாகச் சாயுங்கள். முழங்கால் மடங்கினால் அதன் பிஸ்டன் தண்டின் நீளமும் மாறியாக வேண்டும். கிட்டில் வரும் தண்டை வெட்டிவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பியோ அலுமினியக் குழாயோ வைப்பேன். பளபளப்பும் கிடைக்கும், காலுக்குப் பலமும் கிடைக்கும். அந்தப் பலம் முக்கியம்: எனாமல் வாஷில் (இடுக்குகளில் அழுக்கு காட்ட ஓடவிடும் நீர்த்த பெயிண்டில்) இருக்கும் ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பான், பிரைமர் என்ற அடிப்பூச்சு படாத மூட்டு இடுக்கில் இறங்கினால், இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். வாக்கரின் மொத்த எடையும் அந்த மூட்டில்தானே நிற்கிறது.

அளவை நம்ப வைக்க, கண்ணுக்குப் பழகிய பொருள் ஒன்று வேண்டும். நிஜ டாங்கி கிட்டில் மிஞ்சிய 20 லிட்டர் ஜெர்ரி கேன் (எரிபொருள் தகர டப்பா), மண்வெட்டி, இழுவைக் கயிறு போதும். கேனின் நிஜ உயரம் ஏறக்குறைய 47 செ.மீ, மாடலில் 1.3 செ.மீ. அது பக்கத்தில் தொங்கினாலே வாக்கர் எவ்வளவு பெரியது என்று கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

நிறத்தில் கற்பனையை ஓடவிடாதீர்கள். வண்டி கற்பனை என்பதாலேயே நிறம் நிஜமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. 1943 பிப்ரவரி வரை ஜெர்மன் டாங்கிகளுக்கு அடர் சாம்பல். அதன் பிறகு அடிநிறம் அடர் மஞ்சள்; மேலே அடித்துக்கொள்ள ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் பேஸ்ட்டாகப் படைகளுக்குப் போயின. அவர்கள் கையில் கிடைத்ததில் கரைத்து அடித்தார்கள். எனவே கேமஃப்ளாஜ் ஒரே சீராக இல்லாமல், ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் வெளிறியும் இருந்தால் அது தவறில்லை. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்கப் பூசிய ஸிம்மரிட் வரிகள் பார்க்க அழகுதான். ஆனால் 1944 செப்டம்பரிலேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், 1947 வண்டிக்கு வேண்டாம்.

பெயிண்ட் உரிவதைக் காட்ட ஹேர்ஸ்ப்ரே முறையை மிஞ்ச ஆளில்லை. சிவப்பு பிரைமர் நிறம் அடித்து, வார்னிஷால் மூடி, அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் மேல்நிறத்தை அக்ரிலிக்கில் மெல்லிசாக அடித்து, அதிகம் காயவிடாமல் தண்ணீர் தடவி, பழைய விறைப்பான பிரஷால் லேசாகத் தேயுங்கள். அடியில் ஹேர்ஸ்ப்ரே கரைய, மேலே பெயிண்ட் பொடிப்பொடியாக உரியும். இங்கேதான் எல்லோருக்கும் கை நிற்காது. 1 மி.மீ அளவுக்கு உரித்தால் நிஜத்தில் அது 3.5 செ.மீ பெயர்ந்த இடம். தலைக்கு மேலே இருக்கும் தகட்டில் அது ஏன் பெயரப் போகிறது? ஏணிப்படி, கைப்பிடி, ஹேட்ச் (ஆள் இறங்கும் மூடி) விளிம்பு, பாதத்தின் முனை, இவை போதும். துருவையும் அளந்து வையுங்கள். சில மாதம் சண்டையில் இருந்த கவசத் தகட்டில் கீறினால் தெரிவது பெரும்பாலும் பிரைமர்தான். நல்ல துரு புகைபோக்கிக்குப் போகட்டும். பாதத்தின் அடிவிளிம்பில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்தால் தரையில் உரசி மின்னும் இரும்பு வந்துவிடும்.

அப்புறம் சேறு. டாங்கியில் சங்கிலிப்பட்டை சேற்றை வாரி மேலே வீசும். காலுக்கு அந்த வேலை கிடையாது. அது அழுந்தும், பிதுக்கும், பிய்த்துக்கொண்டு எழும். ஆகவே கணுக்கால் வரை தடித்த சேறு, அதற்கு மேல் தெறிப்பு. ஒரு கால் ஊன்றும்போது தெறிப்பது அடுத்த காலின் உள்பக்கத்தில் படும் என்பதால் உள்பக்கத்தை வெளிப்பக்கத்தைவிட அழுக்காக வைப்பேன். கீழே ஈரமாக, கருமையாக. மேலே போகப் போகக் காய்ந்து வெளிறியதாக. மண்நிறப் பிக்மென்ட் பவுடரில் கொஞ்சம் பிளாஸ்டர் கலந்தால் காய்ந்த மண்ணின் சொரசொரப்பு கிடைக்கும். முழங்காலுக்கு மேலே சேறு வேண்டாம். அங்கே தூசியும் மழை வழிந்த கோடுகளும்தான். மூட்டுகளில் கரும்பழுப்பு ஆயில் பெயிண்டில் கிரீஸ் கசிவு, பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய் ஒழுகிய ஒரே ஒரு கோடு.

சரி, ஏர்பிரஷ். ஹேர்ஸ்ப்ரே முறைக்கு அது வேண்டும். பிரஷால் அக்ரிலிக் தடவினால் அடியிலிருக்கும் ஹேர்ஸ்ப்ரே அப்போதே கரைந்து குழம்பிவிடும். லாக்கர் ஸ்ப்ரே கேன் அடித்தாலோ தண்ணீர் உள்ளே இறங்காது. ஏர்பிரஷ் இல்லையென்றால் அடிநிறத்தை ஸ்ப்ரே கேனில் அடித்துவிட்டு, பிய்த்த ஸ்பாஞ்சில் அடர்பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் பாதியை ஒற்றி எடுத்துவிட்டு விளிம்புகளில் தட்டுங்கள். மற்ற எல்லாம் பிரஷிலேயே முடிந்துவிடும்.