அடியா, பிடியா: உடம்பை எது அதிகம் வாங்கும்?

கேள்வி: வயது 29, எடை 74 கிலோ. செவ்வாய், வியாழன் முவே தாய் (குத்து, உதை கொண்ட தாய்லாந்துச் சண்டைக்கலை). சனி, ஞாயிறு ஜியு-ஜிட்சு (கட்டிப் புரண்டு மூட்டுப் பூட்டுப் போடும் கலை). 3 நாளாக இடது காதின் மேல்பகுதி வீங்கி மெத்தென்று இருக்கிறது. தொடையில் வட்டமாகப் படை. மருந்துக்கடையில் வாங்கிய ட்யூப் போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. போன ஞாயிறு ஆர்ம்பாரில் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் பூட்டு) மாட்டியதிலிருந்து வலது முழங்கையை முழுதாக நீட்ட முடியவில்லை. "கட்டிப் புரளுகிறதை முதலில் விடு" என்கிறார் அம்மா. முவே தாயில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகுவது) முடிந்த மறுநாள் தலை பாரமாக இருக்கும், ஆபீஸில் திரையைப் பார்த்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். எதை விடலாம்?
- வாசகர், செம்பூர், மும்பை

பதில்: "அவ்வளவுதான்" என்று முடித்தீர்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். காது, படை, முழங்கை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் அம்மாவின் கோபம் ஜியு-ஜிட்சு மேல் திரும்பியிருக்கிறது. உங்கள் பட்டியலில் எனக்குக் கவலை தருவது அந்தத் தலைபாரம்.

ஸ்பாரிங்குக்கு மறுநாள் தலைபாரம், திரை வெளிச்சம் பொறுக்காமை என்றால், வேறு காரணம் உறுதியாகும் வரை மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மயங்கி விழ வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே கிடையாது. தாடையில் பக்கவாட்டில் விழும் அடி தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டை ஓடு திரும்பும் வேகத்துக்கு உள்ளே மூளை ஈடுகொடுக்க முடியாமல் இழுபடுகிறது. 16 அவுன்ஸ் கிளவுஸ் அடிக்கிறவரின் கையைக் காக்கும், ஹெட்கியர் என்ற தலைக்காப்பு வெட்டுக்காயத்தைத் தடுக்கும். இந்தத் திருப்பத்தை இரண்டும் நிறுத்தாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை ஹெட்கியர் இல்லாமலே நடந்தது.

எனவே ஸ்பாரிங் இன்றோடு நிற்கட்டும். ஜியு-ஜிட்சுவில் ஆளோடு உருளுவதும் வேண்டாம், டேக்டவுனில், அதாவது ஆளைத் தரையில் வீழ்த்தும்போது, தலை தரையில் மோதும். கடைசியாக அடி வாங்கியதிலிருந்து முதல் 2 நாள் வீட்டு வேலை, மெதுவான நடை போதும், மொபைலைக் குறையுங்கள். பிறகு 20 நிமிட வேக நடை அல்லது சைக்கிள். அது ஒத்துக்கொண்டால் ஷேடோ பாக்ஸிங் (காற்றில் குத்திப் பழகுவது), அடுத்து தொங்கும் பையைக் குத்துவது, அடுத்து பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேட். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். தலைவலி கூடினால் ஒரு படி கீழே இறங்குங்கள். அறிகுறி எதுவும் இல்லாமல், மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் எதிரில் ஆள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் சரியாகிவிடும். உங்களுக்கு இது ஸ்பாரிங் தோறும் வருவதால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். அதுவரை ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் வாசலோரம் நிற்காதீர்கள். தலை சுற்றினால் பிடிமானம் இல்லை.

தலையில் அடி பட்ட முதல் 2 நாள் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் தவிருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, ஒரு கண் பாப்பா பெரிதாவது, இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே அவசரப் பிரிவு.

இனி காது. இது இன்றைக்கே ஆகவேண்டிய காரியம். காதின் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. உராய்வில் உறை பிரிந்து இடையில் ரத்தம் தேங்கினால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து சாகும். அந்த இடத்தில் தழும்பு இறுகி, முடிச்சு முடிச்சாக உருக்குலைந்த காலிஃபிளவர் காது ஆகிவிடும். முதல் சில நாட்களுக்குள் ரத்தத்தை வெளியேற்றினால் பழைய வடிவம் பெரும்பாலும் திரும்பும்; ஒரு வாரம் தாண்டினால் கடினம். சயான் மருத்துவமனை மாதிரி எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் இதைச் செய்வார்கள். வெறுமனே உறிஞ்சி எடுத்தால் போதாது, மறுபடி நிரம்பும். காதின் இரு பக்கமும் பஞ்சு உருளை வைத்துத் தைத்து ஒரு வாரம் அழுத்தி வைக்க வேண்டும். ஜிம்மில் சக வீரர் ஊசி வைத்து எடுத்துவிடுகிறேன் என்பார்; குருத்தெலும்பில் சீழ் பிடித்தால் காதே உருக்குலைந்துவிடும்.

முழங்கையை நீட்ட முடியவில்லை என்றால் எலும்பு விரிசல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரே எடுங்கள். தாராவியிலோ ஊரிலோ சுளுக்கு வழிக்கிறவரிடம் மட்டும் கையைக் கொடுக்காதீர்கள். அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு அமுக்கி நீட்டினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகலாம். மறுபடி மேட் என்ற பயிற்சிப் பாயில் இறங்கும்போது, பூட்டு விழுந்தவுடன் தோற்றதாகக் கையால் தட்டுங்கள், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். குதிகாலைப் பிடித்துக் காலைத் திருகும் ஹீல் ஹூக்கில் இது இன்னும் முக்கியம்: அதில் வலி தெரியும் நேரத்துக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருக்கும்.

படைக்கு வருவோம். போட்டால் அடங்கி, விட்டால் பரவுகிற ட்யூப் என்றால் அட்டையில் குளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். நம் நாட்டில் மருந்துக்கு மசியாத படை இத்தனை பரவியிருப்பதில் இந்தக் கலவை ட்யூப்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தோல் மருத்துவரிடம் போங்கள், மாத்திரை பல வாரம் தேவைப்படலாம்; அவர் சொல்லும்வரை மேட் கூடாது. ஜூலை மழையில் துணி காயாமல் அறைக்குள் தொங்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. பயிற்சி உடையைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். தனி வாளியில் வெந்நீரில் துவைத்து, இடுப்புப் பட்டியிலும் தையல் மடிப்பிலும் சூடாக இஸ்திரி போடுங்கள். வீட்டில் உங்கள் துண்டு தனியாக இருக்கட்டும்.

சாப்பாடு: 74 கிலோவுக்குத் தினம் சுமார் 115 முதல் 120 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். சாம்பாரின் தெளிவில் ஒன்றும் இல்லை, அடியில் நிற்கும் பருப்பைக் கரண்டியால் அள்ளுங்கள். வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் நீர், கொஞ்சம் உப்போடு, சில மணி நேரத்தில் திரும்பப் போக வேண்டும். தொடையில் நிறைய உதை வாங்கிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை. நைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.

எதை விடலாம் என்றால், இரண்டையும் விடத் தேவையில்லை. பலத்த ஸ்பாரிங்கை விடுங்கள். பிடிக்கிற கலையில் தட்டினால் எதிராளி நிறுத்திவிடுகிறார், மூட்டு பிழைக்கிறது. தலையில் விழும் அடிக்கு அப்படித் தட்டி நிறுத்த வழி கிடையாது, விழுந்த பிறகுதான் தெரியும். பையும் பேடும் அடித்தே முவே தாயை ஆண்டுக்கணக்கில் நன்றாகப் பழகலாம். எல்லாம் ஆறியபின் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து உருளாமல், ஒரு நாளை நுட்பப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: கடந்த 6 மாதத்தில் ஸ்பாரிங் செய்த தேதிகள், எத்தனை ரவுண்டு, மறுநாள் தலைபாரம் எத்தனை மணி நேரம் நின்றது, தூக்கம் எப்படி. நினைவில்லாத தேதிக்கு ஜிம் வருகைப் பதிவைக் கேளுங்கள்.