படத்தில் தெரியாத முறிவு
எலும்பு மருத்துவர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பு உடையவில்லை, சதைப்பிடிப்புதான்" என்றார்கள். தைலம் தேய்த்து வருகிறோம். முதல் இரண்டு நாள் சுவரைப் பிடித்து நடந்தார்; இப்போது காலை ஊன்றவே முடியாமல் அழுகிறார். முழங்காலும் வலிக்கிறதாம். கட்டுப் போடுகிறவரிடம் போகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். போகலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கடிதத்தைப் பார்த்ததுமே ஆசிரியர் குழுவிடம் எண் வாங்கி உங்களோடு பேசிவிட்டேன், அம்மா. இதே நிலையில் உள்ள மற்ற வீடுகளுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

தைலம் தேய்ப்பதை நிறுத்துங்கள். நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, படுக்கவைத்தே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பெரம்பூருக்கு ஸ்டான்லி பக்கம்தான்.

முதல் எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு முறிவு உண்டு. தொடை எலும்பின் கழுத்தில், அதாவது அதன் உச்சியில் உள்ள பந்துக்குச் சற்றுக் கீழே, மயிரிழையாக விரிசல் விட்டு, எலும்பு விலகாமல் ஒன்றோடொன்று செருகி நிற்கும். அந்த நிலையில் சிலர் நடக்கவும் நடப்பார்கள். நடக்க நடக்க ஒருநாள் அது விலகும். உங்கள் அம்மாவுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். முழங்கால் வலியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் இருப்பதால் இங்கே உடைந்தால் அங்கே வலிக்கும். முழங்காலை மட்டும் படம் எடுத்து அனுப்பிவிட்ட பாட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரியவரைச் சமமாகப் படுக்கவைத்து, கால்மாட்டில் நின்று பாருங்கள். எலும்பு விலகியிருந்தால் அந்தப் பாதம் மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்து, சுண்டுவிரல் மெத்தையைத் தொடும். கணுக்கால் மொட்டுகள் இரண்டும் ஒரே நேரில் இராது. உடைந்த கால் ஒரு விரற்கடை மேலேறி நிற்கும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி, கால் ஊன்ற முடியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். அது முடியாத இடத்தில் சி.டி. எடுக்கலாம். படம் சுத்தமாக இருந்து கால் ஊன்ற மறுத்தால், நான் காலைத்தான் நம்புவேன்.

கட்டுக்கு வருகிறேன். இடுப்புப் பந்து ஆழத்தில், பெரிய சதைகளுக்குள் இருக்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது அசையாமல் நிற்காது. திருவல்லிக்கேணி வீட்டில் என் பாட்டியைக் கட்டிலில் கிடத்தி, காலில் கயிறு கட்டிச் செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு. எலும்பு சேரவில்லை, முதுகில் புண் வந்தது, பிறகு நெஞ்சுச் சளி. மூன்றாம் மாதம் போய்விட்டார். அந்தச் செங்கல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

முறிவு கழுத்தில் ஏற்பட்டு எலும்பு விலகிவிட்டால், பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்களும் அறுந்துவிடும். அதனால் வயதானவர்களுக்குப் பந்தையே மாற்றுகிறோம். விலகாத விரிசலுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூ போதும். கழுத்துக்குக் கீழே உடைந்தால் எலும்புக்குள் கம்பி செலுத்துவோம். எதுவானாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்த இரண்டு நாளுக்குள் ஆபரேஷன், மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்பது என்பதுதான் குறி.

கேள்வி: அப்பாவுக்கு 84 வயது, இடுப்பு உடைந்திருக்கிறது. ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறார். மயக்க மருந்து தாங்குமா? வேண்டாமென்று விட்டுவிடலாமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: எந்த மாத்திரை என்பதுதான் முக்கியம், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பிரினுக்காகக் காத்திருக்க வேண்டாம். க்ளோபிடோக்ரெல் என்றாலும் பெரும்பாலும் நாள்கணக்கில் தள்ளத் தேவையில்லை. முதுகில் போடும் ஊசிக்குப் பதில் முழு மயக்கம் கொடுப்பார்கள். வார்ஃபரினுக்கு முறிமருந்தாக வைட்டமின் கே இருக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் ஒரு வருடத்துக்குள் ஐந்து பேரில் ஒருவரையாவது இழக்கிறோம், இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் படுக்கையிலேயே விட்டால் ஆபத்து அதைவிடக் கூடும். திரும்பிப் படுக்கக்கூட முடியாத வலியை ஆற்றவாவது ஆபரேஷன் வேண்டும்.

கேள்வி: மாமியார் ஆபரேஷன் முடிந்து நன்றாக நடக்கிறார். இனி மருந்து எதற்கு?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அடுத்த இடுப்புக்காக. நின்ற நிலையில் விழுந்ததற்கே உடைந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்று பொருள். கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதாது. சிறுநீரகம் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பாத்ரூம் சுவரில் கைப்பிடி பொருத்துங்கள், கட்டிலிலிருந்து அதுவரை ராத்திரி விளக்கு எரியட்டும். தேய்ந்த ரப்பர் செருப்பை இன்றே தூக்கிப் போடுங்கள்.