ஒலியை முதலில் கேட்பவர்

அன்புள்ள ஐயா,

ஜோனதன் கிளேசரின் ‘தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்’ பார்த்தேன். அவர் இசைக் காணொளிகளும் விளம்பரங்களும் எடுத்துத் திரைக்கு வந்தவர் என்று பிறகு அறிந்தபோது வியப்பாக இருந்தது. நான்கு நிமிடப் பாட்டுக்குச் சட்டகங்களை அழகாக அடுக்கிப் பழகியவர், அந்தப் பழக்கத்தை உதறிவிட்டுத்தான் இப்படியொரு அடக்கமான படத்தை எடுத்தாரா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உதறவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே கற்றதைத்தான் அவர் இந்தப் படம்வரை கொண்டுவந்திருக்கிறார்.

ஜமிராகுவாய் குழுவுக்காக 1996-இல் அவர் எடுத்த ‘விர்ச்சுவல் இன்சானிட்டி’ காணொளியைப் பாருங்கள். வெளிறிய அறையொன்றில் பாடகர் ஆடுகிறார். தரை அவரை இழுத்துக்கொண்டு நழுவுவதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் தரை அசையவே இல்லை. நகர்ந்தவை சுவர்கள், கேமராவும் அவற்றோடு சேர்ந்தே நகர்ந்ததால், சுவர் நிற்பதாகவும் தரை ஓடுவதாகவும் நம் கண் நம்பிவிடுகிறது. கேமராவை எங்கே பொருத்துவது என்ற ஒரே முடிவின்மேல் முழுக் காணொளியும் நிற்கிறது. அடுத்த ஆண்டு ரேடியோஹெட் குழுவின் ‘கர்மா போலீஸ்’ பாடலில், இரவுச் சாலையில் ஓடும் ஒருவனைக் கார் துரத்துவதை ஓட்டுபவரின் இடத்திலிருந்தே காட்டினார். துரத்தும் பாவத்தில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது.

இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் மதிலை ஒட்டிய அந்த வீட்டுக்குள் மறுபடி போங்கள். தளபதி ருடால்ஃப் ஹோஸின் வீட்டை மீண்டும் உருவாக்கி, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, படக்குழு கண்ணில் படாமல் விலகி நிற்க, நடிகர்களை இயல்பாக நடமாடவிட்டு எடுத்தார். ஹோஸின் மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பூக்களைக் காட்டுகிறாள். மதிலுக்கு அப்பாலிருந்து துப்பாக்கிச் சத்தமும் அலறலும், பிணங்களை எரிக்கும் உலைகளின் ஓயாத உறுமலும் வருகின்றன. கொலை ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை.

பாட்டுக்குப் படம் பிடிப்பவர் ஒலியை முதலில் கேட்டுவிட்டுத்தான் காட்சியை யோசிக்க வேண்டும். இரண்டையும் பொருத்திப் பொருத்திப் பழகிய செவிக்கே, அவற்றைப் பிரித்து எதிரெதிரே நிறுத்தினால் என்ன நிகழும் என்பதும் தெரியும். 2024-இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கருடன் ஒலிக்கான ஆஸ்கரும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது மிகப் பொருத்தம்.

2000-இல் வந்த ‘செக்ஸி பீஸ்ட்’ தொடங்கி 2023 வரை அவர் எடுத்தவை நான்கே முழுநீளப் படங்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த முறை பார்க்கும்போது தொடக்கத்தில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள். திரை கறுப்பாகவே இருக்க, மிக்கா லெவியின் இசை மட்டும் நிமிடக்கணக்கில் ஒலிக்கிறது. பிறகு பறவைகளின் குரல். அதற்கும் பின்னரே ஆற்றங்கரையில் அந்தக் குடும்பம் தெரிகிறது.

அன்புடன்